பாலாற்றுக் கரை மண்ணில் குரோமியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தொடங்கி மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை வரையுள்ள ஊர்களில் கழனி வைத்திருப்போரும் கிணற்றை நம்பி வாழ்வோரும், மண்ணில் சேர்ந்துள்ள குரோமியத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பழைய வேலூர் மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எனத் தனித்தனி மாவட்டங்களாகிவிட்டது. ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் அந்த எல்லைகள் இல்லாததால், விடைகள் மூன்று மாவட்டத்தாருக்கும் பொருந்தும்.

எங்கள் பகுதி மண்ணில் குரோமியம் எப்படி வந்தது?

குரோமியம் பாறையிலேயே இருக்கும் உலோகம். எந்த ஊர் மண்ணை எடுத்துப் பார்த்தாலும் சிறிதளவு இருக்கும். கவலைக்குரியது அதற்கு மேல் வந்து சேர்ந்த பங்கு. அது இரு வழிகளில் வந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் நம் வட்டாரத்தில் பாதிக் குழப்பம் என்பது என் கருத்து.

முதல் வழி, தோல் பதனிடும் ஆலைகள். முற்காலத்தில் இங்கே தோல் ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளின் சாற்றில் ஊறிப் பதமானது. அதற்கு வாரக் கணக்கில் நாள் பிடித்தது. குரோமியம் சல்பேட் உப்பைக் கொண்டு பதனிடும் முறை வந்தபின் அதே வேலை ஓரிரு நாளில் முடிந்தது, தோலும் மென்மையாக வந்தது, ஏற்றுமதி பெருகியது. ஆனால் தோலுடன் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் பிடிக்கிறது. மீதி கழிவுநீரோடு போகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 40 லிட்டர் நீர் செலவாகும் தொழிலில், அந்த நீர் பல பத்தாண்டுகள் முறையான சுத்திகரிப்பு இல்லாமல் கால்வாய்க்கும் ஏரிக்கும் பாலாற்று மணலுக்கும் சென்றது. நீர் வற்றிய இடத்தில் உலோகம் சேறாகத் தங்கிவிட்டது.

இரண்டாவது வழி, அந்தப் பதனிடும் உப்பைத் தயாரித்த தொழிற்சாலை. ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, குரோமைட் தாதுவைச் சோடா உப்புடன் உலையில் வறுத்துச் சோடியம் டைகுரோமேட்டும் குரோமியம் சல்பேட்டும் தயாரித்து வந்தது. சாறு எடுத்தபின் எஞ்சிய கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல், ஆலை வளாகத்திலேயே திறந்த வெளியில் குவிக்கப்பட்டது. ஆலை மூடப்பட்ட பிறகும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தக் குவியலில் இறங்கிய நீர் குரோமியத்தைக் கரைத்துக்கொண்டு நிலத்தடிக்குச் சென்றது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையின் பெயரும் இடம்பெற்றது.

எல்லாக் குரோமியமும் நஞ்சுதானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மண்ணில் குரோமியம் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் இருக்கும். ஒன்று குரோமியம்-3, பதனிடப் பயன்படுவதும் தோல் ஆலைச் சேற்றில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5க்கு மேல் இருந்தால் இது கரையாத பொருளாகி மண் துகள்களோடு ஒட்டிக்கொள்ளும். நீரோடு எளிதில் நகராது, வேருக்குள் எளிதில் ஏறாது. மற்றொன்று குரோமியம்-6, டைகுரோமேட் ஆலைக் கழிவில் இருப்பது இது. இது நீரில் நன்றாகக் கரையும். களிமண் துகள்களின் மேற்பரப்பும் இதுவும் ஒரே வகை மின்சுமை உடையவை என்பதால் மண் இதைப் பிடித்து வைக்காது. நீர் போகும் இடமெல்லாம் இதுவும் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் குரோமியம்-6 சேர்மங்களை வைத்திருக்கிறது. குரோமியம்-3 அந்தப் பிரிவில் இல்லை.

அப்படியானால் தோல் ஆலைச் சேறு பாதுகாப்பானதா என்று உடனே கேட்கத் தோன்றும். இல்லை; ஏனெனில் ஒரு நிலை மற்றொன்றாக மாறக்கூடியது. மண்ணில் இயற்கையாகவே உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் குரோமியம்-3இல் ஒரு சிறு பங்கைக் குரோமியம்-6ஆக மாற்றும். தோல் துண்டுகளையோ காய்ந்த சேற்றையோ காற்றோட்டத்தில் எரித்தாலும் இந்த மாற்றம் நடக்கும். எதிர்த் திசையில், தொழு உரம், மக்கிய இலை போன்ற கரிமப் பொருள்களும் இரும்பின் கரையும் வடிவமும் குரோமியம்-6ஐத் திரும்பக் குரோமியம்-3 ஆக்கும். ஆகவே மண்ணில் மொத்தக் குரோமியம் எவ்வளவு என்ற ஒற்றை எண்ணைக் காட்டி மக்களை அச்சுறுத்துவதும் தவறு, அதே எண்ணைக் காட்டி அச்சம் வேண்டாம் என்று சொல்வதும் தவறு. எந்த நிலையில் எவ்வளவு இருக்கிறது, எந்த வழியாக மனிதரை அடைகிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எங்கள் கழனியில் பயிர் கருகுகிறது, தென்னை காய்ப்பதில்லை. இதற்குக் குரோமியம்தான் காரணமா?

பெரும்பாலான கழனிகளில் முதல் காரணம் உப்பு. இதைச் சொன்னால் ஆலைகளுக்குப் பரிந்து பேசுவதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அந்த உப்பும் ஆலைகளிலிருந்தே வந்தது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை உப்பிட்டு வைப்பார்கள். ஆலையில் தோலை ஊறவைக்கும் முதல் நீரிலேயே அந்த உப்பு இறங்கிவிடும். அடுத்து அமிலத்தில் இடும் கட்டத்திலும் உப்பு சேர்க்கப்படுகிறது. குரோமியத்தைச் சேறாகப் படிய வைத்துப் பிரிக்க முடியும். கரைந்த உப்பு எந்தத் தொட்டியிலும் படியாது. எனவே அது கிணற்றுக்கும் கழனிக்கும் வந்தது.

உப்பு செய்யும் கெடுதல் இரு வகைப்படும். மண் கரைசலில் உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாது. இலை நுனியும் ஓரமும் கருகும். உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சைத் தாண்டினால் அது உவர் நிலம். இரண்டாவது, உப்பிலுள்ள சோடியம் களிமண்ணில் ஏறி, சுண்ணாம்புச் சத்தை வெளியேற்றி, மண் கட்டமைப்பைக் குலைக்கும். நீர் இறங்காமல் தேங்குவதும், காய்ந்தால் ஓடு போல் இறுகுவதும், மேலே வெள்ளையாகப் பூப்பதும் இதன் அடையாளங்கள். குரோமியம்-6 கரைந்த நீர் பாயும் இடத்தில் முளைப்பு குன்றும், வேர் கட்டையாகிப் பழுப்பாகும், இளம் இலை வெளிறும். கண்ணால் மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய இயலாது.

பிரித்தறிவது ஏன் முக்கியம் என்றால், மருந்து வேறு என்பதால். சோடியம் ஏறிய மண்ணுக்கு, ஆய்வுக்கூடம் கணக்கிட்டுத் தரும் அளவில் ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடித்தால் மண் திரும்பும். வடிகால் இல்லாத கழனியில் ஜிப்சம் இட்டுப் பயனில்லை. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுவது உவர் தாங்கும் பசுந்தாள் உரமாகும், குரோமியத்துக்கும் அது நல்லது. ஆனால் பாசனக் கிணறே உப்பாக இருக்கும்வரை இவை யாவும் ஒரு பருவத்துக்கு மேல் நிற்பதில்லை.

மண்வள அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறதே?

மண்வள அட்டை 12 பண்புகளைச் சொல்கிறது: பி.எச்., மின்கடத்தும் திறன், கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். குரோமியம், ஈயம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவை அதில் இல்லை. பயிருக்கு என்ன சத்து குறைகிறது என்று சொல்வதற்காக வந்த அட்டை அது. அதிலுள்ள முதல் இரண்டு எண்கள் உவர் நிலத்தை அறிய மிகவும் உதவும். நச்சு உலோகம் பற்றி அந்த அட்டை எதுவும் சொல்லவில்லை.

குரோமியத்துக்கென மண் மாதிரி எப்படி எடுக்க வேண்டும்? ஆய்வுக்கூடத்தில் என்ன கேட்க வேண்டும்?

உர ஆய்வுக்கு எடுப்பது போலக் கழனி முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி, பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து கால் பங்கிட்டு அரைக் கிலோவாகக் குறைக்கும் முறையை இங்கே அப்படியே பின்பற்றக் கூடாது. மாசு கழனி முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்காது. கால்வாய் மடை வாயில், நீர் தேங்கும் மூலை, முன்பு சேறு கொட்டிய வரப்போரம் ஆகிய இடங்களில் மிகுந்தும் மேட்டுப் பகுதியில் குறைந்தும் இருக்கும். எல்லாவற்றையும் கலந்துவிட்டால் கெட்ட இடம் நல்ல இடத்துக்குள் மறைந்துபோகும். சந்தேகமுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் தனி மாதிரி எடுங்கள். கழிவுநீர் ஒருபோதும் பாயாத, அதே வகை மண்ணுள்ள மேட்டுக் கழனி ஒன்றிலிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள். அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உங்கள் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். முடிந்தால் மேல்மண்ணும், 30 முதல் 60 சென்டிமீட்டர் ஆழ மண்ணும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

துருப்பிடித்த மண்வெட்டியும் பளபளப்பு முலாம் பூசிய கரண்டியும் வேண்டாம், அந்த முலாமே குரோமியமாக இருக்கக்கூடும். வெட்டிய பக்கத்தை மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி நீக்கிவிட்டு உள்மண்ணை எடுங்கள். மொத்த உலோக ஆய்வுக்கான மண்ணை நிழலில் உலர்த்தலாம். குரோமியம்-6 ஆய்வுக்கான மண்ணை உலர்த்தக் கூடாது. ஈரத்தோடு கண்ணாடிப் புட்டியில் அடைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கூடிய விரைவில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வழியிலேயே அது குரோமியம்-3 ஆக மாறி, இருப்பதை இல்லை என்று அறிக்கை சொல்லிவிடும்.

கேட்க வேண்டியவை: மொத்தக் குரோமியம், குரோமியம்-6, பி.எச்., மின்கடத்தும் திறன், கரிமச் சத்து. குரோமியம்-6ஐ மண்ணிலிருந்து காரக் கரைசலால் பிரித்தெடுத்தார்களா என்று கேளுங்கள். அமிலத்தில் செரிக்க வைத்துக் காணும் எண் மொத்தக் குரோமியத்தை மட்டுமே தரும். விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே உவர் நிலம், களர் (சோடியம் ஏறிய நிலம்) பற்றிய ஆலோசனையைப் பெற்றுக்கொண்டு, உலோக ஆய்வுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் எது என்று விசாரிக்கலாம்.

மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. கழனியைக் கைவிட வேண்டுமா?

வேண்டாம். கனடா நாட்டில் வேளாண் நிலத்துக்கு மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 64 மில்லிகிராம், குரோமியம்-6 வெறும் 0.4 மில்லிகிராம் என வழிகாட்டு அளவு வைத்திருக்கிறார்கள். பின்லாந்தில் மொத்தக் குரோமியம் 100ஐத் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும், 200ஐத் தாண்டினால் அந்த நிலத்தில் இடர் உண்டு எனக் கருத வேண்டும் என்பது சட்டம். 150 என்பது மேலும் ஆராயச் சொல்லும் எண். மேட்டுக் கழனி மாதிரியில் 120 வந்தால் அது பாறையின் பங்கு எனக் கொள்ளலாம். மேட்டில் 40 வந்து உங்களிடம் 150 வந்தால் கழிவின் பங்கு எவ்வளவு என்பது தெரிகிறது. குரோமியம்-6 தனியே எவ்வளவு என்பதைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கழிவு கொட்டிய இடங்களில் எண் ஆயிரக்கணக்கில் போகும். அங்கே பயிர் வைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கிணற்று நீர் மஞ்சளாக வருகிறது.

அந்த நீரை உடனே நிறுத்துங்கள்: குடிக்க, சமைக்க, குளிக்க, மாட்டுக்குக் காட்ட எதற்கும் வேண்டாம். இரும்பினால் வரும் மஞ்சள், நீரை எடுத்து வைத்த சில மணி நேரத்தில் செம்மண் நிறமாக அடியில் படியும். குரோமேட் எனப்படும் குரோமியம்-6 தரும் மஞ்சள் படியாமல் தெளிவாகவே நிற்கும். ஆயினும் நிறம் தெரியும் அளவுக்கு வரும்போது அது குடிநீர் வரம்பைப் பன்மடங்கு கடந்திருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவில் நீருக்கு நிறமோ மணமோ சுவையோ இராது. எனவே நிறமில்லாத நீர் நல்ல நீர் என்று எண்ணிவிட வேண்டாம்.

கொதிக்க வைப்பதால் குரோமியம் போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் செறிவு கூடும். படிகாரம் போட்டுத் தெளிய வைப்பதும் குரோமியம்-6ஐ நீக்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வடிகட்டி பெரும்பகுதியை நீக்கும், ஆனால் அது வெளியேற்றும் கழிவுநீரில் குரோமியம் செறிந்திருக்கும். அதைத் தோட்டத்துக்குப் பாய்ச்சக் கூடாது. மண்ணைவிடக் கிணற்று நீரை முதலில் சோதியுங்கள் என்றே எவருக்கும் சொல்வேன். குரோமியம்-6 மனிதரை அடையும் குறுக்குவழி அதுதான்.

இந்த மண்ணில் விளைந்த காய்கறி, கீரை, நெல் ஆகியவற்றை உண்ணலாமா?

குரோமியத்தைப் பொறுத்தவரை, செடி உறிஞ்சுவதில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது. தண்டுக்கும் இலைக்கும் செல்வது குறைவு, காய்க்கும் தானியத்துக்கும் செல்வது இன்னும் குறைவு. ஆகையால் கத்தரி, மிளகாய், அவரை போன்றவற்றில் இடர் சிறியது. முள்ளங்கி, கிழங்கு வகைகள் மாசடைந்த இடத்தில் வேண்டாம். கீரையின் ஆபத்து அது உறிஞ்சியதைவிட அதன்மேல் ஒட்டிய மண்ணில்தான் உள்ளது. நல்ல நீரில் பலமுறை அலச வேண்டும், மாசு நீரில் அலசினால் பயனில்லை. வேர்க்கடலை மண்ணுக்குள் காய்ப்பதால் ஓட்டோடு அவிப்பதற்குமுன் நன்றாகக் கழுவ வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ராணிப்பேட்டை மண் கெட்டது என்ற செய்தி பரவும்போதெல்லாம் வட்டாரத்துக் காய்கறிகள் அனைத்தும் சந்தையில் பழிக்கப்படுகின்றன. புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரி விளையும் இலவம்பாடிப் பகுதி பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளிலிருந்து விலகி இருப்பது. மாசு என்பது குறிப்பிட்ட குவியல்களையும் கால்வாய்களையும் ஏரிகளையும் சுற்றியுள்ள விஷயம். அதை ஊர் ஊராக, கழனி கழனியாகச் சொல்லாமல் மாவட்டப் பெயரால் சொல்வது, எந்தத் தவறும் செய்யாத விவசாயியைத் தண்டிப்பதாகும்.

காட்மியம் குரோமியம் போன்றதன்று. இலைக்கும் தானியத்துக்கும் எளிதில் ஏறும். மின்முலாம் பூசும் பட்டறைகள், பழைய பேட்டரி உடைக்கும் இடங்கள் அருகில் இருந்தால் ஆய்வில் காட்மியத்தையும் ஈயத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

உடலுக்கு என்ன செய்யும்? என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

குரோமியம்-6 தூசியை நெடுங்காலம் சுவாசித்த குரோமேட் ஆலைத் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மிகுந்தது. மூக்கின் நடுத்தடுப்பு அரித்து ஓட்டை விழுவதும், கையில் ஆறாத குழிப்புண் வருவதும் அவர்களிடம் நெடுநாளாகவே அறியப்பட்டவை. நீரோடு உட்கொள்ளும்போது வயிற்று அமிலம் ஒரு பகுதியைக் குரோமியம்-3 ஆக்கிவிடுகிறது, முழுவதையும் அன்று. தோலில் பட்டால் ஒவ்வாமைப் படை வரும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும்.

சிறுநீரில் குரோமியம் அளக்கும் சோதனை அண்மைய சில நாள்களில் உடலில் சேர்ந்ததை மட்டுமே காட்டும், பத்தாண்டுக்கு முந்தையதைக் காட்டாது. மருத்துவரிடம் செல்லும்போது எந்த ஆலையில், எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை, எந்தக் கிணற்று நீர் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். பல நேரங்களில் அந்த விவரம்தான் நோயைக் கண்டறிய உதவும். உலோகத்தை உடலிலிருந்து முறித்து எடுப்பதாக விற்கப்படும் பொடிகளையும் கஷாயங்களையும் நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

சிமெண்ட் ஆலைகளின் அருகிலுள்ள மண்ணும் இப்படித்தான் கெடுகிறதா?

அரியலூர், டால்மியாபுரம், சங்ககிரி பக்கங்களில் உறவினர் உள்ளவர்கள் இதைக் கேட்கிறார்கள். அங்கே நடப்பது வேறு வகை. சிமெண்ட் ஆலைத் தூசி காரத்தன்மை உடையது. பல ஆண்டுகள் படியும்போது மேல்மண்ணின் பி.எச். ஏறுகிறது, இலைகளில் ஈரம் பட்டு இறுகிய படலம் உண்டாகிறது. பி.எச். ஏறுவதால் ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்றவை மண்ணில் கட்டுண்டு நிற்கும். பயிருக்கு வேண்டிய இரும்பும் துத்தநாகமும் அதே காரணத்தால் கிடைக்காமல் போகும். ஆனால் குரோமியம்-6 காரத்தில் கட்டுப்படாது, இன்னும் எளிதாக நகரும்.

உலோகம் எங்கிருந்து வருகிறது என்றால், சுண்ணாம்புக்கல், நிலக்கரி, இரும்புச் சத்துக்காகச் சேர்க்கும் கழிவுகள், எரிபொருளாக இடும் தொழிற்சாலைக் கழிவுகள் ஆகியவற்றிலிருந்து. சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில், காற்றோட்டமுள்ள சூளையில், மூலப்பொருளிலுள்ள குரோமியத்தின் ஒரு பகுதி குரோமியம்-6 ஆக மாறிச் சிமெண்ட்டிலேயே இருக்கும். கொத்தனார், சித்தாள்களின் கைகளில் வரும் சிமெண்ட் படைக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஐரோப்பிய நாடுகளில் சிமெண்ட்டில் நீரில் கரையும் குரோமியம்-6 கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதி 2005 முதல் நடைமுறையில் உள்ளது. நச்சு உலோகங்களான பாதரசமும் தாலியமும் சூளையில் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போகக்கூடியவை. 1979இல் ஜெர்மனியின் லெங்கரிஷ் நகரில், இரும்புக்காகச் சேர்த்த ஒரு கழிவிலிருந்து தாலியம் வெளியேறி, சிமெண்ட் ஆலையைச் சுற்றியிருந்த தோட்டக் காய்கறிகளில் படிந்தது. சூளைக்குள் என்ன இடுகிறார்கள் என்பதை ஊரார் கேட்டறியும் உரிமை ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நாமே மண்ணைச் சரிசெய்ய முடியுமா? அன்னபேதி இட்டால் போதும் என்கிறார்களே?

அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட், கரைந்த குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக மாற்றுவது உண்மைதான். சுத்திகரிப்பு நிலையங்களிலும் இந்த வேதிவினை பயன்படுகிறது. ஆனால் டைகுரோமேட் ஆலைக் கழிவில் குரோமியம் கடுமையான காரக் கட்டிகளின் உள்ளே அடைபட்டிருக்கும். மேலே இட்ட அன்னபேதி உள்ளே எட்டுவதற்குள் காரத்தில் செயலிழந்துவிடும், வெளியே சில நாள் மஞ்சள் மறைந்து பிறகு மீண்டும் ஊறும். அத்தகைய இடத்தைச் சரிசெய்வது பொறியியல் வேலை: கழிவை அகற்றிப் பாதுகாப்பான நிலநிரப்புக் குழியில் அடைப்பது, அல்லது மழைநீர் புகாதபடி மூடி, சுற்றிலும் ஊறும் நீரை இறைத்துச் சுத்திகரிப்பது. அதன் செலவை விவசாயி சுமக்க வேண்டியதில்லை.

லேசாக மாசடைந்த கழனியில் செய்யக்கூடியது, கரிமச் சத்தை உயர்த்துவது. ஹெக்டேருக்கு 12.5 டன் மக்கிய தொழு உரம், ஆண்டுக்கு ஒரு பசுந்தாள் பயிர் என்று தொடர்ந்து செய்தால் குரோமியம்-6 குறைந்து குரோமியம்-3ஆகக் கட்டுப்படும். உலோகம் மண்ணைவிட்டுப் போகாது, ஆனால் நகராது. உண்ணும் பயிருக்குப் பதிலாகப் பூச்செடி, சவுக்கு ஆகியவற்றுக்கு மாறுவதும் ஒரு வழி.

வெட்டிவேர் நட்டால் குரோமியத்தை உறிஞ்சிவிடுமா?

கரையைப் பிடித்து மண் அரிப்பைத் தடுக்கும், தூசி பறக்காமல் காக்கும். உறிஞ்சி எடுத்து மண்ணைத் தூய்மையாக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆலைச் சேற்றை உரமென்றும் மனை மேடாக்கும் மண்ணென்றும் தருகிறார்கள். வாங்கலாமா?

கூடாது. கறுத்த, சாம்பல் பச்சை நிற, தோல் நாற்றமுள்ள மண் இலவசமாகக் கிடைத்தாலும் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். இறக்கிய பிறகு அகற்றுவது உங்கள் பொறுப்பாகிவிடும். தோல் சீவல்களையும் வெட்டுத் துண்டுகளையும் அடுப்பிலோ செங்கல் சூளையிலோ எரிக்க அனுமதிக்காதீர்கள். எரிந்த சாம்பலில் குரோமியம்-6 இருக்கும், அந்தச் சாம்பல் கழனிக்கு வந்தால் சேற்றைவிட மோசம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபின்னும் ஏன் இந்தப் பிரச்சினை?

நிலையங்கள் புதிய கழிவுநீரைக் கட்டுப்படுத்துகின்றன. முன்பு மண்ணில் சேர்ந்ததை அவை தொடுவதில்லை. மேலும் சுத்திகரிப்பு என்றால் நீரிலிருந்த உலோகத்தைச் சேறாகவும், உப்பை ஆவியாக்கிய கட்டியாகவும் மாற்றுவதுதான். அந்தச் சேறும் உப்பும் எங்கே போகின்றன என்பதே இன்றைய கேள்வி. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பிழைப்புத் தேடி வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். கழிவைத் தேக்கி வைப்பதைத் தீர்வென்று எண்ணியதன் விலை அது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதென்ற வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணிப்பை அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வின் அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகள் எல்லாம் பாடமாக நடத்துகின்றன. ஆனால் அதன்படி அமைந்த ஆணையம் நிர்ணயித்த இழப்பீடு பலருக்கு வந்துசேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, நிலுவை இழப்பீட்டை வழங்கவும், செலவை ஆலைகளிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்பின்போது நாற்பது வயதில் இருந்த விவசாயிக்கு இப்போது எழுபதாகிறது. இந்தத் தாமதத்தை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

யாரிடம், எப்படி முறையிடுவது?

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலைத் திங்கட்கிழமைக் குறைதீர்வு நாளில் மாவட்ட ஆட்சியரிடம் அளித்து ஒப்புகை பெறுங்கள். மனுவில் புல எண், கிணற்றின் இடம், மாதிரி எடுத்த நாள், ஆய்வறிக்கை, தேதி தெரியும் படங்கள் ஆகியவை இருக்கட்டும். ஆலையின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் கால்வாய் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் இழப்பீடு கோர, காரணம் எழுந்ததிலிருந்து 5 ஆண்டுகள் வரை காலம் உண்டு. மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு 6 மாதங்கள்தான். காலம் கடந்தபின் சான்று எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயனில்லை.

ராணிப்பேட்டை அருகே வீட்டுமனை வாங்க இருக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

பழைய ஆலை வளாகம், கழிவுக் கால்வாய், ஏரியின் உள்வாய் ஆகியவற்றிலிருந்து மனை எவ்வளவு தூரம், எந்தச் சரிவில் உள்ளது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். முப்பது ஆண்டுக்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதை அவர்களே சொல்வார்கள். மனையை மேடாக்கிய மண் எங்கிருந்து வந்தது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் மொத்தக் குரோமியமும் கரைந்த உப்பும் சோதித்துவிடுங்கள். மண் சோதனைக்கு நில மட்டத்தில் ஒன்றும், நிரப்பு மண்ணுக்கு அடியிலுள்ள பழைய மண்ணில் ஒன்றுமாக இரண்டு மாதிரி எடுக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் முற்றமாகப் போகிற இடத்தில் மேல்மண்தான் முக்கியம், அதை முதலில் எடுங்கள்.